"எஃப்.சி. 2031 வரை இருக்கு" என்று சொல்லும் பழைய மஹிந்திரா தாரை எப்படிச் சோதிப்பது?

கேட்டவர் கோவைக்காரர். கேரளப் பதிவெண் கொண்ட 2016 மாடல் மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. (காமன் ரெயில் டீசல் எஞ்சின் ரகம்), ஃபோர் வீல் டிரைவ், இரண்டாவது உரிமையாளர், மீட்டரில் 58,000 கிலோமீட்டர். "எஃப்.சி. 2031 வரை இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, சர்வீஸ் எல்லாம் ஷோரூம்லதான்" என்கிறார் விற்பவர். இந்த வண்டியின் பரிசோதனை வரலாற்றை ஆன்லைனில் எடுக்க முடியுமா, இதை நம்பி வாங்கலாமா என்பது கேள்வி. உள்ளே இருப்பது வேறு கேள்வி என்று படுகிறது. இந்த வண்டி காட்டிலும் மலையிலும் எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது, அதைக் காகிதம் சொல்லுமா? பாதிதான் சொல்லும். மீதியை வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த 2031. எஃப்.சி. என்பது வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று. சொந்த உபயோக வண்டிக்கு நம் நாட்டில் பதிவு நாளிலிருந்து 15 ஆண்டுக்கு ஆர்.சி. செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அப்போதுதான் வண்டியை அதிகாரி முன்னால் நிறுத்துவார்கள். 2016-ல் பதிவான வண்டியில் 2031 என்று இருப்பது 2016-உடன் 15-ஐக் கூட்டிய கணக்கு, அவ்வளவுதான். இடைப்பட்ட ஆண்டுகளில் பிரேக்கையோ சேசிஸையோ அரசுத் தரப்பில் யாரும் பார்த்ததாக அதற்குப் பொருளில்லை. பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய காரை ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அன்றைய கிலோமீட்டரும் கண்ட குறைகளும் யாரும் பார்க்கும்படி இணையத்தில் கிடக்கும். அப்படி ஒரு ஏடு இங்கே சொந்த வண்டிக்குக் கிடையாது. ஆகவே விற்பவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் சொன்னதில் உங்களுக்குப் பயன்படும் தகவல் எதுவும் இல்லை. வரலாற்றை நான்கைந்து இடத்திலிருந்து நீங்களே சேர்க்க வேண்டும்.

எம்பரிவாகன் செயலியிலோ வாகன் தளத்திலோ பதிவெண்ணைப் போட்டால் பதிவு நாள், எத்தனையாவது உரிமையாளர், எரிபொருள், மாசுக்கட்டுப்பாட்டு வகை, இன்சூரன்ஸ் மற்றும் புகைச் சான்றின் காலாவதி, கடன் பதிவு, பிளாக்லிஸ்ட் நிலை ஆகியவை வரும். உரிமையாளர் பெயர் பாதி மறைந்திருக்கும். இ-சலான் தளத்தில் நிலுவை அபராதங்களைத் தனியாகப் பாருங்கள். அபராதம் எந்த ஊரில் விழுந்திருக்கிறது என்பதே வண்டி எங்கே ஓடியது என்பதற்கு ஒரு தடயம். விற்பவர் எர்ணாகுளத்தில் வீட்டு உபயோகம் என்கிறார், சலான்களோ வரிசையாக மூணாறு பக்கம் என்றால் அதைக் கேட்டே ஆக வேண்டும். கடன் பதிவு இருந்தால் வங்கியின் நிலுவையில்லாச் சான்றும் கடன் பதிவை நீக்கக் கையெழுத்திட்ட ஃபாரம் 35-ம் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இந்த அளவுக்கு வாகன் விவரத்தை நம்பலாம். விபத்து, வெள்ளம், பழுது எதையும் அது சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியது இன்சூரன்ஸ் பாலிசி. பாலிசி நகலைக் கேட்டு வாங்கி, நோ கிளெய்ம் போனஸ் சதவீதத்தைப் பாருங்கள். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும்; ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கும். வண்டியை வாங்கி நான்கு முழு ஆண்டு கிளெய்ம் இல்லாமல் வைத்திருந்தவர் கையில் 45 இருக்க வேண்டும். 20 தான் இருக்கிறது என்றால் ஈராண்டுக்குள் ஏதோ நடந்திருக்கிறது. இதை ஒரு சந்தேகமாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல. இந்த போனஸ் ஆளுக்குரியது, வண்டிக்குரியது அல்ல. முந்தைய காரிலிருந்து கொண்டுவந்ததாகவும் இருக்கலாம், இடையில் பாலிசி விட்டுப்போனதால் போனதாகவும் இருக்கலாம். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் இந்தக் கணக்கே எடுபடாது. எனவே கிளெய்ம் விவரத்தை விற்பவரே இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு வாங்கித் தரட்டும். தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் கணக்கில் சேருங்கள்.

ஷோரூம் சர்வீஸ் என்று சொன்னால் ஜாப் கார்டு வரலாறு இருந்தாக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் தேதியும் கிலோமீட்டரும் ஏறும். விற்பவருடன் நீங்களும் போய் அந்தப் பிரதியை வாங்குவது நல்லது. அதில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, கிலோமீட்டர் சீராக ஏறுகிறதா. 2019-ல் 51,000, இப்போது 58,000 என்றால் ஒன்று வண்டி சும்மா நின்றிருக்கிறது, அல்லது மீட்டரைத் தொட்டிருக்கிறார்கள். இரண்டு, என்னென்ன மாற்றியிருக்கிறார்கள். 30,000 கிலோமீட்டரில் கிளட்ச், 40,000-ல் மறுபடி கிளட்ச், வீல் பேரிங், ஆக்சில் ஆயில் சீல் என்று வரிசை போனால் அந்த வண்டியின் வாழ்க்கை எங்கே கழிந்தது என்று வேறு சாட்சி வேண்டாம்.

மீட்டரில் இன்னொரு நுணுக்கம், இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. இந்த தாரின் கம்பெனி டயர் 235/70 ஆர்16; விட்டம் சுமார் 735 மில்லிமீட்டர். பலர் 265/75 ஆர்16 மாட்டுகிறார்கள். அது சுமார் 804. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி கூடுதலாக நகரும், மீட்டருக்கு அது தெரியாது. சுமார் எட்டரை சதவீதம் குறைத்துக் காட்டும். 58,000 முழுவதும் அந்த டயரில் ஓடியிருந்தால் உண்மையில் 63,000-ஐத் தாண்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் படியுங்கள். கண்ணாடிகளில் உள்ள தயாரிப்புக் குறிகளையும் ஒப்பிடுங்கள். ஒரு கண்ணாடி மட்டும் வேறு கம்பெனி, வேறு ஆண்டு என்றால் காரணம் கேளுங்கள்.

புகைச் சான்றில் டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியைக் காட்டும் ஒரு அளவு அச்சாகியிருக்கும். ஆர்.சி.யில் மாசுக்கட்டுப்பாட்டு வகை பி.எஸ்.3 என்றால் வரம்பு 2.45, பி.எஸ்.4 என்றால் 1.62. வரம்பை ஒட்டி நிற்கும் எண், இன்ஜெக்டரையோ டர்போவையோ கவனிக்கச் சொல்கிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்காமலே சோதனையை முடித்துவிடும் இடங்கள் உண்டு என்பதால், நல்ல எண்ணை நல்ல எஞ்சினுக்கு ஆதாரமாக எடுக்க வேண்டாம். வண்டி முன்பு மஞ்சள் போர்டில் ஓடி வெள்ளைக்கு மாறியதா என்பதை ஆர்.சி. விவரத்தில் பாருங்கள். வாடகை வண்டிக்கு முதல் எட்டு ஆண்டு இரண்டாண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் உண்மையான எஃப்.சி. உண்டு, அந்தத் தாள்கள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். இடுக்கி மாவட்டப் பதிவு, அதாவது கே.எல்.06 போல வந்தால் கூடுதல் கவனம் தேவை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாறைப் பாதையில் சுற்றுலா ஜீப்புகள் அன்றாடம் ஏறி இறங்குகின்றன. வெள்ளை போர்டிலேயே வாடகைக்கு ஓடிய வண்டிகளும் சந்தைக்கு வரத்தான் செய்கின்றன.

இங்கேதான் சாதாரண காரும் ஆஃப்ரோடு வண்டியும் பிரிகின்றன. நெடுஞ்சாலையில் ஓடிய 1,20,000 கிலோமீட்டர், ஃபோர் லோ கியரில் (நான்கு சக்கரமும் குறைந்த வேகத்தில், கூடுதல் இழுவையோடு சுழலும் நிலை) பாறை ஏறிய 40,000 கிலோமீட்டரைவிட வண்டிக்கு நல்லது. லோ கியரில் மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் மணிக்கணக்கில் உழைக்கும். மீட்டரில் அது சில கிலோமீட்டராகத்தான் பதியும். குறைந்த கிலோமீட்டரைப் பார்த்து விலை கூட்டிக் கொடுப்பதில்தான் இந்த வகை வண்டியில் பலரும் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது ரேம்ப். ரேம்ப் இல்லாமல் இந்த வண்டியை வாங்கவே கூடாது. கையில் நல்ல டார்ச், சிறு ஸ்க்ரூடிரைவர், துணி சுற்றிய காந்தம் போதும். முதலில் சேசிஸ் நம்பர்: சேசிஸ் சட்டத்தில் பொறித்த 17 எழுத்துகளை ஆர்.சி.யுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். எழுத்துகளின் ஆழம் மாறினாலோ சுற்றிலும் கிரைண்டர் தடம் இருந்தாலோ அங்கேயே விட்டுவிடுங்கள். பிறகு இரண்டு நீளச் சட்டங்களையும் முனையிலிருந்து முனை வரை பாருங்கள். முன்னால் டார்ஷன் பார் (முன் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) பின்னால் போய் மாட்டும் குறுக்குச் சட்டம், ஷாக் அப்சார்பர் மேல் முனை, பின் ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் பிராக்கெட்டுகள், ஸ்டீயரிங் மாட்டிய இடம் ஆகியவற்றில்தான் வெடிப்பு தொடங்கும். மயிரிழை வெடிப்பைச் சுற்றி செம்பழுப்புக் கோடு தெரியும். கம்பெனி வெல்டிங் சீராக இருக்கும். ஒர்க்‌ஷாப் வெல்டிங் கட்டிகட்டியாக நிற்கும். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தால் மகிழ வேண்டாம். விற்பதற்கு முன்னால் எதற்காக அடித்தார்கள் என்று கேளுங்கள்.

முதல் தலைமுறை தாருக்குத் துரு பெரிய வியாதி. முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் விளிம்பு, கதவுக் கீல்கள், தரை விரிப்புக்கு அடியில் கால் வைக்கும் தளம், பின் சீட்டுக்குக் கீழ், சக்கர வளைவின் உள்பக்கம் என்று வரிசையாகத் தட்டிப் பாருங்கள். கெட்டித் தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மந்தமாக. காந்தம் ஒட்டாமல் நழுவும் இடத்தில் பட்டி பூசியிருக்கிறது. கதவையும் தளத்தையும் டிங்கரிங் செய்து காப்பாற்றலாம், செலவுதான். சேசிஸ் சட்டம் அரித்திருந்தால் அதைச் சரிசெய்து வைத்துக்கொள்ள நினைக்க வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓடையில் இறக்குவதற்காகவே பலர் இந்த வண்டியை வாங்குகிறார்கள். ஓடி ஓடிச் சூடான ஆக்சில் ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். காற்று வாங்குவதற்கென மேலே பிரீதர் என்ற சிறு துளை உண்டு. அது சேற்றில் அடைத்திருந்தால் ஹவுசிங் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆயிலோடு தண்ணீர் கலந்து உள்ளிருக்கும் பல்சக்கர ஜோடியான கிரௌன் பினியனும் பேரிங்குகளும் சத்தமில்லாமல் அரிபடும். எனவே முன், பின் ஆக்சில் இரண்டிலும் ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றி விரல் விட்டுப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி), கியர்பாக்ஸிலும் அப்படியே. நிறம் பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பிளக்கில் காந்தம் இருந்தால் மாவு போன்ற இரும்புத்தூள் இயல்பு, செதில் செதிலாக வந்தால் பல் உடைந்திருக்கிறது. விற்பவர் கழற்ற விடமாட்டேன் என்றால் வண்டியைப் பார்த்து முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி வேறு ரகம். 2018 கேரள வெள்ளத்திலும், சென்னையில் 2015, 2023 வெள்ளங்களிலும் ஏராளமான வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் அடிப்பகுதியில் வண்டல் கறை தெரியும். டேஷ்போர்டுக்கு அடியில் வயர் கப்ளரைப் பிரித்தால் பச்சை படிந்திருக்கும். கார்ப்பெட் வாசனையை மட்டும் நம்ப வேண்டாம். இந்த வண்டியில் தளத்தைக் கழுவி விடுவது சர்வ சாதாரணம்.

எஞ்சின் 2,498 சி.சி. காமன் ரெயில் டீசல், 105 குதிரைத்திறன், பழைய ஸ்கார்பியோ வழி வந்தது. உழைப்பாளி எஞ்சின், பாகங்களும் எளிதாகக் கிடைக்கும். இந்த வண்டியில் எனக்குக் கவலை குறைவான பகுதி இதுதான். சோதனை காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நடக்க வேண்டும். போனதும் போனட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் வேறு நாள் வாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது, பெரும்பாலும் டர்போ சீல் அல்லது ரிங். மிதிக்கும்போது கரும்புகை கொட்டினால் இன்ஜெக்டர், ஈ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடுவது), டர்போவுக்குப் பிந்தைய குழாயில் காற்றுக் கசிவு என்று மூன்றில் ஒன்று. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் லேசாகப் புகை வரலாம். மூடியே எகிறிக் குதித்தால் சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. கிளட்சுக்கு, நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது சட்டென்று முழுக்க மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. மலையில் கிளட்சைப் பிடித்துப் பிடித்து ஓட்டியதால் இது சீக்கிரம் போகும்.

ஃபோர் வீலைப் பலர் லீவரைத் தள்ளி விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்து விடுகிறார்கள். விளக்கு எரிவதால் முன் சக்கரத்துக்குச் சக்தி போகிறது என்று ஆகாது. இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில், முன் பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃப்ரன்ஷியல் கிடையாது. அதனால் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் ஹை (சாதாரண வேகத்தில் நான்கு சக்கர ஓட்டம்) போட்டுத் திருப்பவே கூடாது, பற்கள் இறுகும். இந்தக் குணத்தையே சோதனைக்குப் பயன்படுத்தலாம். சரளை அல்லது மணல் தரையில் ஃபோர் ஹை போட்டு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, நடை வேகத்தில் வட்டமடியுங்கள். வண்டி தள்ளித் தள்ளி, யாரோ பிடித்து இழுப்பதுபோல் நகர்ந்தால் முன் ஆக்சில் வேலை செய்கிறது. டூ வீலில் போவதுபோலவே லகுவாகத் திரும்பினால் எங்கோ துண்டித்திருக்கிறது. ஃபோர் லோவுக்கு வண்டியை நிறுத்தி, கிளட்ச் மிதித்து மாற்றுங்கள். கரகரவென்று விழுந்தாலோ மேடேறும்போது துள்ளி வெளியே வந்தாலோ டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டியிருக்கும். 2015-ல் மாற்றங்களோடு வந்த சி.ஆர்.டி.இ.யில் பின் ஆக்சிலில் தானாகப் பூட்டும் டிஃப்ரன்ஷியல் உண்டு. ஒரு பின் சக்கரம் சேற்றில் சுழன்றதும் "டக்" என்று பூட்டி வண்டி நகர வேண்டும். பெரிய டயர் மாட்டி முரட்டுத்தனமாக ஓட்டிய வண்டிகளில் இதன்மேல் சுமை அதிகம் என்பதால், பாதுகாப்பான இடத்தில் அவசியம் சோதியுங்கள்.

முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங், பக்கவாட்டில் மட்டும் வந்தால் டை ராட். ஆக்சில் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் உள்ளே மணல் போயிருக்கும். உயரம் கூட்ட லிஃப்ட் கிட் போட்ட வண்டியில் ஆக்சில் கோணம் மாறுவதால் இவை இன்னும் வேகமாகத் தேயும்.

மாடிஃபிகேஷன் அழகாக இருக்கலாம், ஆனால் ஆர்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும். கம்பெனி வடிவமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. சாஃப்ட் டாப் வண்டியில் ஹார்ட் டாப், சீட் எண்ணிக்கையில் மாற்றம், இரும்பு பம்பர் எல்லாம் தமிழ்நாட்டுக்குப் பதிவு மாற்றும் நாளில் கேள்வியாக வந்து நிற்கும். கேரள ஆர்.டி.ஓ.விடமிருந்து ஃபாரம் 28-ல் என்.ஓ.சி. (ஆட்சேபனையில்லாச் சான்று) வாங்கித் தருவது விற்பவர் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரியை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து, அதை வண்டி விலையில் சேர்த்துப் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 கையெழுத்தாகாமல் முழுப் பணம் போகக்கூடாது. பெயர் மாறும்வரை ஆர்.சி.யில் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், விற்பவருக்கும் இதில் அவசரம் இருக்க வேண்டும்.

இவ்வளவு பார்த்தாலும் தெரியாதவை உண்டு. இன்ஜெக்டர் நிலை, அதிலிருந்து திரும்பிக் கசியும் டீசலை அளக்கும் பேக் லீக் சோதனை செய்தால்தான் தெரியும், காதால் சொல்ல முடியாது. கியர்பாக்ஸ் சின்க்ரோ எத்தனை நாள் தாங்கும், டர்போ எப்போது போகும் என்பதையும் பிரிக்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொன்னால் அது ஊகம். நீங்கள் அனுப்பிய படங்களை வைத்து நானும் நல்ல வண்டி என்றோ கெட்ட வண்டி என்றோ சொல்ல மாட்டேன். சேசிஸ் நம்பரில் சந்தேகம், சேசிஸில் வெடிப்பு அல்லது வெல்டிங், ஆக்சில் ஆயிலில் தண்ணீரோடு சத்தமும் சேர்ந்திருப்பது, ஜாப் கார்டில் கிலோமீட்டர் பின்னோக்கிப் போவது: இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் எந்த விலைக்கும் வேண்டாம். கிளட்ச், டை ராட், ஷாக் அப்சார்பர், தளத்துத் துரு, டயர் ஆகியவை பேரம் பேச வேண்டிய விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக்கிடம் தொகை எழுதி வாங்கி விலையில் கழியுங்கள்.

வாங்கிவிட்டால் முதல் வாரத்திலேயே எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு ஆக்சில் என எல்லா ஆயிலையும், கூலன்ட், பிரேக் ஆயில், டீசல் ஃபில்டரையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். இரண்டு பிரீதர்களையும் கழற்றி ஊதிப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஆக்சில் பிளக்கை மறுபடி திறந்து நிறம் பாருங்கள். பழைய தண்ணீர்த் தொல்லை எதையாவது புது ஆயில் மறைத்திருந்தால் அதற்குள் வெளியே வந்துவிடும்.